மூன்றிலும் ஏழிலும் முடிந்த மழை

ஜூன் 3

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, விமானத்தில் ஏறியபோது அடைத்த காது மட்டும் நாலு நாளாகியும் திறக்கவில்லை. நீயும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அப்பாவின் இருமல் எப்படி?

முதல் நாள் கதையைக் கேள். கல்லூரி வாசலில் ஒரு மேசை போட்டுப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரை விட்டுட்டுப் போக வந்தீங்க?" என்று கேட்டாள். "என்னைத்தான் விட வந்திருக்கேன்" என்றேன். புரியவில்லை. சேர்க்கைக் கடிதத்தைக் காட்டியதும் எழுந்து நின்று கை கொடுத்தாள். நாற்பத்துநாலு வயதில் மாணவி. எட்டாம் வகுப்போடு எழுந்து வந்தவள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது. உட்காரவே தெரியாமல் போயிருக்கிறது.

அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேசை, கழுத்தை மடக்கும் விளக்கு. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். கூட இருக்கும் பெண்ணுக்கு இருபத்தோரு வயது. தலைமுடியை உச்சியில் இழுத்துக் கட்டியிருப்பதால் மனசுக்குள் குதிரைவால் என்று பெயர் வைத்திருக்கிறேன். நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள். உட்காரச் சொன்னால் சிரிக்கிறாள்.

இங்கே இருட்டவே மாட்டேன் என்கிறது. பொழுது சாய்ந்ததும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் நான் வாயில் எதையும் போடுவேன் என்று உனக்குத் தெரியும். இங்கே பொழுது ஒன்பதரைக்குச் சாய்கிறது, சாப்பாட்டுக் கூடத்தை எட்டுக்கே மூடிவிடுகிறார்கள். மூன்று ராத்திரி பட்டினி கிடந்துவிட்டு, நம் வீட்டுக் கடிகாரத்தை மனசில் ஓட்டி, அங்கே சாயும் நேரத்தில் இங்கே கும்பிட்டுக்கொள்கிறேன். சாமிக்கும் புரியும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது சொன்னதுதான், மறுபடி சொல்கிறேன். மொட்டை மாடி மழைமானியை அப்பா அளக்க வேண்டும், நோட்டில் நீ எழுத வேண்டும். காலை எட்டரை மணி. பாட்டிலில் இருப்பதை அளவுக் குடுவையில் ஊற்றி, கண்ணை நீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் குழிந்திருக்கும் இடத்தைப் படிக்க வேண்டும். மில்லிமீட்டரும் அதில் பத்தில் ஒன்றும். மழை இல்லாவிட்டால் பூஜ்யம் போடு, வெறுமனே விடாதே. அந்தக் கணக்குக்கும் உனக்கும் ஒரே வயது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வெறுங்கட்டம் கிடையாது. அதற்காகத்தான் இவர்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இரும்பு ஏணியின் மூன்றாவது படி ஆடுகிறது. அப்பாவிடம் திருகு இறுக்கச் சொல்லி ஒரு வருஷமாகிறது. இன்னொரு தரம் சொல்லிப் பார்.

பன்னிரண்டு வாரம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. காலே தரையில் பாவவில்லை.

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா


ஜூன் 13

மாணவி அம்மாவுக்கு,

வாலு வணக்கம் சொல்லிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் காது திறந்ததா? உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன்.

அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை ஜாஸ்தி. பள்ளிப் புத்தகங்கள் வந்து குவிந்திருக்கின்றனவாம், பிழை திருத்தி மெய்ப்பு பார்க்க ஆள் இல்லை. அதனால் தனியாக எழுத முடியவில்லை, விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். இருமல் இல்லை.

எதிர்வீட்டு அத்தை தினமும் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறார். "உங்கம்மா வெளிநாட்டுல பெஞ்சுல உக்காந்திருக்கா, நீ இங்க அடுப்படியில உக்காந்துக்காதடி" என்கிறார். நான் வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார்.

மழைக் கணக்கு, ஒன்றாம் தேதியிலிருந்து: 0, 2.4, 0, 11.0, 0.6, 8.2, 3.7, 0, 7.3, 13.7, 0, 4.3. பன்னிரண்டு நாள், வெறுங்கட்டம் இல்லை.

குதிரைவாலிடம் நான் விசாரித்ததாகச் சொல். உட்கார்ந்து சாப்பிடச் சொல்.

உன்,
வாலு


ஜூன் 22

வாலுக்கு,

அம்மாவின் ஆசிகள். காது திறந்துவிட்டது, ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் மணிகள் கேட்கின்றன. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பா ஒரு வரிகூடச் சேர்க்காதது ஒரு மாதிரி இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் உன்னைப் பெற்றுக் கிடந்தபோதுகூட ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி, அதில் இரண்டு பிழையைத் திருத்தி அனுப்பிய மனுஷன் அவர்.

இந்த வாரம் எங்கள் பேராசிரியை நான் கொண்டுவந்த பழைய நோட்டுகளை வகுப்பில் காட்டினார். பெரிய உருவம், மெல்லிய குரல். பத்தொன்பது நோட்டையும் மேசையில் வரிசையாக அடுக்கி, "இது ஒரு வீட்டம்மா தன் மொட்டை மாடியில செஞ்ச வேலை. ஒரு நாளும் விடுபடலை" என்றார். முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி நான் அரைமணி நேரம் பேச வேண்டுமாம். அதற்குப் பிறகு இந்தக் கணக்கைப் புத்தகமாக அச்சிடப் போகிறார்களாம்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் அன்று முழுக்க நூலகத்தில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்கு நடந்துகொண்டே இருந்தேன். நூலகக்காரர் வந்து, "ஏதாவது தேடறீங்களா?" என்று கேட்டார். கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்தைக் காட்டினேன்.

எதிர்வீட்டு அத்தை ஏன் தினமும் சாப்பாடு தருகிறார்? உனக்குச் சமைக்கத் தெரியுமே. அப்பாவும் நன்றாகச் சமைப்பாரே.

அப்பாவை ஒரு வரி எழுதச் சொல்.

அம்மா


ஜூன் 27

அம்மாவுக்கு,

அனைவரும் நலம், நலமறிய அவா. உன் அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை, அதற்குள் இதைப் போட்டுவிடுகிறேன்.

எழுதுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. வெயில், மழை, வெயில். கொஞ்சம் அலைச்சல்தான், வேறொன்றும் இல்லை. அப்பா நலம். வேலை.

பதின்மூன்றிலிருந்து இருபத்தாறு வரை: 0, 0, 1.7, 6.8, 0, 2.7, 9.3, 0, 0, 5.7, 17.3, 0, 3.3, 0.

நீ நன்றாகப் படி. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

வாலு


ஜூலை 6

வாலுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பேராசிரியை எங்களை இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஏதோ ஓர் ஊரின் நிஜமான மழைக் கணக்கைக் கொடுத்து, ஒரு மாதத்தை நகல் எழுதச் சொன்னார். இன்னொரு பாதி, பார்க்கிறவர் நம்பும்படி ஒரு மாத மழையைத் தாங்களே கற்பனை செய்து எழுத வேண்டும். தாளில் பெயர் கிடையாது. எல்லாவற்றையும் வாங்கிச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தார். ஜன்னலோரம் நின்று பத்தே நிமிஷத்தில் பொய்களை ஒரு பக்கமும் நிஜங்களை ஒரு பக்கமும் பிரித்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் தவறிப்போனது. குதிரைவால், "மந்திரமா?" என்று கேட்டாள்.

மந்திரம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் வரும் கடைசி எண்ணை மட்டும் பார்த்தாராம். "மழைக்குப் பிடித்த எண்ணுன்னு எதுவும் கிடையாது. பூஜ்யத்திலயும் முடியும், ஒன்பதுலயும் முடியும். மனுஷங்களுக்குத்தான் பிடித்த எண் உண்டு. கற்பனையா எழுதறப்போ முழு எண் போடப் பயப்படுவாங்க, அஞ்சு போட்டா சந்தேகம் வரும்னு நினைப்பாங்க. கடைசில மூணுலயும் ஏழுலயும் போய் நிப்பாங்க" என்றார்.

அறைக்கு வந்தேன். உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

ஜூன் ஆறாம் தேதி வரை 2.4, 11.0, 0.6, 8.2. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏழாம் தேதியிலிருந்து இருபத்தாறு வரை பதினொரு நாள் மழை எழுதியிருக்கிறாய். பதினொன்றில் பத்து, மூன்றிலோ ஏழிலோ முடிகிறது.

வாலு, ஏழாம் தேதி என்ன நடந்தது? அப்பா எங்கே?

இதைப் போட்டுவிட்டு அச்சகத்துக்குப் போன் கிடைக்குமா என்று பார்க்கப் போகிறேன்.

அம்மா


ஜூலை 11

வாலுக்கு,

போன கடிதம் இன்னும் நடுவழியில் இருக்கும். உன் பதில் வர இன்னும் இரண்டு வாரமாவது ஆகும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். சும்மா இருக்க முடியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நாலு நாள் முயன்று, நேற்று அச்சகத்துக்கு லைன் கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவில் யாரோ, "அவரு லீவுல இருக்காரும்மா" என்றார்கள். "எத்தனை நாளா?" என்று கேட்பதற்குள் அறுந்துவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கே ஒன்றரை நாள் லீவு போட்டவர் அப்பா. நீ அவருக்கு வேலை ஜாஸ்தி என்று எழுதியிருக்கிறாய்.

இன்று காலை வகுப்புக்குப் போகவில்லை. டிக்கெட் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரி. திரும்பும் தேதியை மாற்ற ஒரு படிவம் கொடுத்தார். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். என்ன எழுதுவது? மூன்று, ஏழு என்றா? பின்னால் வரிசை நீண்டது. அவர், "குடும்பம்னு போடட்டுமா?" என்று கேட்டுத் தானே எழுதிக்கொண்டார். ஜூலை இருபத்தைந்தாம் தேதி ஓர் இடம் இருக்கிறது. முந்தின நாள் வரை எனக்காக வைத்திருப்பார்கள்.

போனால் ஆகஸ்ட் இரண்டாம் தேதி பேச மாட்டேன், படிப்பும் பாதியில் நிற்கும், சான்றிதழ் கிடையாது. இருந்தால் என்ன ஆகிறது என்று தெரியாமல் இருக்க வேண்டும். துணி மடிக்கிறேன், மறுபடி பிரிக்கிறேன். குதிரைவால் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போறீங்களா, இல்லையா?" என்றாள். "என் பெட்டிக்கே தெரியலை" என்றேன்.

ஜெபிக்க உட்கார்ந்தாலும் வாய் எண்களைத்தான் முணுமுணுக்கிறது.

எதுவானாலும் எழுது. என் தலையில் ஓடுவதைவிட மோசமாக எதுவும் இருக்க முடியாது.

அம்மா


ஜூலை 15

அம்மா,

முதலில் இது: அப்பா நன்றாக இருக்கிறார். வீட்டில் இருக்கிறார். இதை எழுதும்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து என் எழுத்துப் பிழையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை மூன்று தரம் படித்துவிட்டு மேலே படி.

ஜூன் ஏழு. காலை எட்டு இருபத்தைந்து. நல்ல மழை. அப்பா ஒரு கையில் குடை, இன்னொரு கையில் குடுவையோடு ஏணியில் ஏறினார். நான் கீழே நோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது படி. நீ நினைப்பது சரிதான். குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான் கத்திக்கொண்டு ஓடினால், அவர் மழையில் மல்லாந்து கிடந்தபடி, "நோட்டு நனைஞ்சிடுச்சா பாரு" என்கிறார்.

எதிர்வீட்டு அத்தையும் மாமாவும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். இருபத்து நாலு நாள் அங்கேதான் இருந்தோம். இந்த மாதம் ஒன்றாம் தேதி வீட்டுக்கு வந்தோம். இப்போது நாலு கால் வைத்த நடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடக்கிறார். போகும் வழியெல்லாம் தரை சரியில்லை என்று திட்டுகிறார்.

உனக்கு எழுத வேண்டாம் என்றது அப்பா. எழுதியே தீருவேன் என்று நான் சண்டை போட்டேன். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கம்மா எட்டாவது படிக்கிறப்போ அவ அப்பா படுத்துட்டாரு. வீட்டுல ஆள் வேணும்னு அவளை நிறுத்திட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சு இப்பதான் மறுபடி போயிருக்கா. இந்தத் தடவை நான் படுத்து அவளை நிறுத்தணுமா? சொல்லு." அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. இது எனக்கு நீ சொன்னதே இல்லையே, அம்மா. கணக்கு வரவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்றுதானே சொல்வாய்.

மழைக் கணக்கு. வெறுங்கட்டம் விடாதே என்று நீ எழுதியிருந்தாய். காலை எட்டரைக்கு நான் டாக்டருக்காக வராந்தாவில் நிற்பேன். அங்கிருந்த ஜன்னலில் மழையைப் பார்த்து, இவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் போட்டேன். முழுசாக ஐந்து, பத்து என்று போட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று யோசித்துப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். பத்தொன்பது வருஷத்தை நான் கெடுத்துவிட்டேன். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வீட்டுக்கு வந்த பிறகும் மாடிக்குப் போகவில்லை. அந்த ஏணி இருக்கும் பக்கமே போவதில்லை.

வாலு

கீழே வருவது என் கையெழுத்து. மேலே நான்கு ஒற்றுப் பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன். நான் நலம். மூன்றாவது படிக்குத் திருகு போட்டாயிற்று, நீ சொல்லி ஒரு வருஷம் ஒரு மாதத்தில். உனக்குப் பயணத்தை முன்னால் போடும் எண்ணம் வந்திருக்கும், எனக்குத் தெரியும். நீ இப்போது வந்தால் நான் விழுந்தது வீண். முடித்துவிட்டு வா.


ஜூலை 24

வாலுக்கும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும்,

கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. தபால் பெட்டிக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்து படித்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள். கும்பிட வேண்டியவரைக் கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வலி குறைந்திருக்கிறதா? நடக்கும்போது கூட ஆள் இருக்க வேண்டும்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஏழு வாரம்! நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து எண் எழுதிக்கொண்டிருக்க, என் வீட்டு மனுஷர் கம்பி வைத்துத் தைத்துக் கிடந்திருக்கிறார். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை அந்நியம் ஆக்கிவிட்டீர்கள். இனி ஒரு தரம் இப்படிச் செய்தால் இருவரிடமும் பேச மாட்டேன். திட்டு முடிந்தது. ஆடும் படியைத் தெரிந்தே விட்டுவிட்டு, அதில் ஏறச் சொல்லிவிட்டு வந்தவள் நான். அந்தத் திட்டை எனக்கு நானே வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை டிக்கெட் அலுவலகத்துக்குப் போய் நாளைய இடத்தை விட்டுவிட்டேன். அவர் படிவத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். வெளியே வந்து நாலு தெரு நடந்து திரும்பிப் போய், அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குள் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். போகட்டும்.

இனி எழுதப் போவதை அப்பாவுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. அவருக்கும் தெரியாது.

உனக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். அப்பா இரவு வேலை முடித்து வந்து உட்காருவார், மற்ற நேரமெல்லாம் நான். வீட்டுக்குப் போகவே இல்லை. திரும்பி வந்த அன்று பாட்டில் நிரம்பி வழிந்திருந்தது. எந்த நாளில் எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். நோட்டைத் திறந்தேன். பதினேழு வெறுங்கட்டம். உன்னைத் தூங்க வைத்துவிட்டு, பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். அன்றைக்கு நினைத்தேன், பிள்ளையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், ஒரு பதினேழு எண்ணுக்காகக் கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று.

இவர்களுக்கு முதலில் விண்ணப்பம் எழுதியபோது "ஒரு நாளும் விடுபடாத" என்று எழுதியது நான்தான். அந்த வார்த்தையைத்தான் புத்தகத்தின் அட்டையில் போடப் போகிறார்கள். நூலகத்தில் அன்று நான் நடந்துகொண்டே இருந்தது அதனால்தான்.

கடைசி எண் பாடம் நடந்த அன்று உன் கணக்கைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா. அதற்கு முன்பே என்னுடையதைப் பார்த்துவிட்டேன். பதினேழில் ஒன்பது நாள் மழை போட்டிருக்கிறேன். ஏழு, மூன்றிலோ ஏழிலோ முடிகிறது. பொய்யிலும் நீ என் மகளாகத்தான் இருக்கிறாய். அதனால்தான் உன்னுடையது எனக்கு உடனே தெரிந்தது.

இத்தனை வருஷத்தில் சாமியிடம் இதை மட்டும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். தெரிவது வேறு, நான் வாயைத் திறந்து சொல்வது வேறு.

இரண்டாம் தேதி பேச வேண்டும். சொன்னால் அட்டையிலிருந்து அந்த வார்த்தை போகும், புத்தகமே போனாலும் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, பேராசிரியை அந்தப் பக்கத்தைத் திறக்காத வரைக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எதையும் கெடுக்கவில்லை.

அம்மா


ஆகஸ்ட் 3

வாலுக்கும் அப்பாவுக்கும்,

அம்மா நலம். நேற்று ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். அப்பாவின் கால் எப்படி? நடை எதுவரை வந்திருக்கிறது?

பேசினேன். பெரிய அறை, முப்பது பேரோடு வெளியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பதினேழு எண்களையும் எழுதினேன். ஓர் எட்டு பூஜ்யம் மாதிரி விழுந்தது, அழித்து மறுபடி போட்டேன். "இதுல என்ன இருக்குன்னு யாராவது சொல்லுங்க" என்றேன்.

குதிரைவால்தான் கையைத் தூக்கினாள். "கடைசி எண்... இது யாரோ உட்கார்ந்து எழுதினது" என்றாள். முன்வரிசையில் ஒருவர் சிரித்து, "யாரு அந்தத் திருடன்?" என்றார்.

"நான்தான். இந்தப் பதினேழு நாளும் என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தா. நான் மாடிக்குப் போகலை" என்றேன்.

சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியை எழுந்து வந்தார். கை கொடுப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கொடுக்கவில்லை. அந்த வருஷத்து நோட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, தன் பேனாவை நீட்டினார். "நீங்களே அடிங்க. அடிச்சுட்டு, என்ன நடந்ததோ அதை எழுதுங்க."

பதினேழு கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதினேன். பூஜ்யம் போட்டால் அன்று மழை பெய்யவில்லை என்று ஆகிவிடும். அது நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது, நாம் பார்க்கவில்லை என்பது மட்டும்தான். பத்தொன்பது வருஷமாக வெறுங்கட்டத்தைக் கண்டு பயந்தேன். அதுவும் ஓர் அளவுதான் என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அட்டையிலிருந்து அந்த வார்த்தை போய்விட்டது. மற்ற நோட்டுகளையும் முதலிலிருந்து சரிபார்த்துவிட்டுத்தான் அச்சிடுவதா வேண்டாமா என்று சொல்வார்களாம். வருஷக் கடைசி ஆகும். சான்றிதழ் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுவும் மூன்றில்தான் முடியும். வருத்தம் இருக்கிறது. ஆனால் இன்று காலை முதல் தடவையாக இந்த ஊர்த் தெருவில் வேகமாக நடக்காமல் நடந்தேன்.

மாலையில் குதிரைவால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுக்கும் ஒரு அம்மா இருக்கிறாளாம், ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

நீயும் அந்த நோட்டை எடு. ஜூன் ஏழிலிருந்து கோடு போடு. பக்கத்தில் எழுது. ஏணியில் ஏற வேண்டாம், நான் வந்து ஏறிக்கொள்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி கிளம்புகிறேன்.

அம்மா


ஆகஸ்ட் 12

அம்மாவுக்கு,

வாலு எழுதுவது. அப்பா நலம், நான் நலம், எதிர்வீட்டு அத்தை மாமா நலம். நீ கிளம்புவதற்குள் இது கைக்கு வருமோ என்னமோ. வந்தால் விமானத்தில் படி.

உன் ஜூலைக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆறு வயதுக் காய்ச்சல் இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா கடிதத்தை வாங்கித் தானே மிச்சத்தைப் படித்தார். முடித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். அப்புறம், "நான் மெய்ப்பு பார்க்கிறவன். வீட்டுல இருக்கிற நோட்டை ஒரு நாளும் பார்க்கலை" என்றார். அவ்வளவுதான்.

நோட்டில் ஜூன் ஏழிலிருந்து கோடு போட்டேன். இருபது எண்ணையும் அடித்தேன். அதற்கப்புறம் காலியாகக் கிடந்த கட்டங்களையும் சேர்த்து நேற்று வரை ஒவ்வொன்றிலும் நீ சொன்னதை எழுதினேன். அறுபத்தாறு தரம் "அளக்கவில்லை". கை வலித்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றில் "க்" விட்டுவிட்டேன் என்று பிடித்துவிட்டார்.

இன்று காலை அப்பா தன் நாலு கால் கம்பியோடு ஏணி வரை வந்தார். ஏற வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய், தெரியும். மூன்றாவது படியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "போ, நான் பிடிச்சுக்கறேன்" என்றார். ஒரு காலில் நிற்பவர் ஏணியை என்ன பிடிப்பார் என்று கேட்டேன். "கேலி பேசினது போதும், ஏறு" என்றார்.

ஏறினேன். எட்டரை மணி. பாட்டிலை எடுத்துக் குடுவையில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. சில வாரமாகக் காயும் வெயிலில், முன்பு எப்போதோ பெய்தது எல்லாம் வற்றி, அடியில் ஒரு வளையமும் செத்த எறும்பும்தான். அப்படியும் நீ சொன்ன மாதிரி குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கீழேயிருந்து அப்பா, "எவ்வளவு? எவ்வளவு?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 12: 0.0.

நான் பார்த்த பூஜ்யம், அம்மா.

வாலு